மறுப்பதற்கு நாலு சொல்

துரையின் மேஜைமேல் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ரகத் தேயிலைத் தூள். ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி, எதிரே இருந்த தேயிலைச் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டிருந்தது. நான் அந்தக் குடுவைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

பதில் எனக்குத் தெரியும். வேண்டாம் என்பதுதான் பதில். அதை எந்தச் சொல்லில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ரெஃப்யூஸ், ரிஜெக்ட், டினை, டிக்ளைன். நாலும் ஒரே சமயத்தில் தொண்டைக்கு ஏறி வந்து, ஜங்ஷனில் கடைசி பஸ்ஸின் படிக்கட்டில் நிற்கிற கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எதுவும் உள்ளே போகவில்லை, எதுவும் கீழே இறங்கவும் இல்லை.

கதவுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். தலைத்துண்டு கக்கத்தில் இருந்தது. அவர் இருக்கிற வீடும் என்னுடைய படிப்பும் நான் சொல்லப்போகிற அந்த ஒரு பதிலில் மாட்டிக்கொண்டு தொங்கின.

அந்த மேஜைக்கு முன்னால் நான் எப்படிப் போய் நின்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றுவழிதான். மலைப்பாதை அப்படித்தான் இருக்கும்.

பேர் இருக்கிறவரை வீடு

விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் போன வாரம் எழுதியபோது, லீவுக்கு நான் மலைமேல் போவேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எந்த மலை, என்ன வீடு என்று சிலர் கேட்டிருக்கிறார்கள்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, மாஞ்சோலை பஸ் ஏறுகிற பாதையில் இருக்கிற தேயிலைத் தோட்டம். அப்பா மீசை முளைக்காத வயதில் கீழேயிருந்து ஏறினவர். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவதில் அவருக்கு நல்ல பேர். செடியை இடுப்புக்குக் கீழே ஒரே மட்டமாகச் சீவிக்கொண்டு போவார். தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்கு முடி வெட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

நான் பிறந்தது அங்கே ஒரு லயன் வீட்டில். ரயில் பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகள். முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் அம்மா போட்ட பீன்ஸ் பந்தல். குடும்பத்தில் ஒருவருடைய பேராவது தோட்டத்து வேலையில் இருக்கிறவரைக்கும் அந்த வீடு உண்டு. பேர் போனால் வீடும் போகும். அதில் வஞ்சனை எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.

அம்மா இடுப்புவலியால் ஏற்கெனவே கொழுந்து பறிப்பதை விட்டிருந்தாள். அந்த வருஷம் பங்குனியோடு அப்பாவுக்கும் வயதாகி வேலை முடிகிறது. எனக்கோ அதை ஒட்டித்தான் கல்லூரிக் கடைசிப் பரீட்சை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், அப்பன் பேர் போகிற அன்றைக்கு மகன் பேர் ஏறும். என் வயதுப் பையன்கள் எல்லாம் அப்படி ஏறினவர்கள்தான். நான் ஏறவில்லை என்றால் கீழே போக வேண்டும். கீழே எங்களுக்கு இருந்தது பத்தமடையில் என் மாமா வீடு ஒன்றுதான். மாமா ஆற்றோரம் பாய்க்குக் கோரை அறுக்கிறவர். வீட்டில் காயவைத்த கோரைக்கட்டு போக மிச்ச இடத்தில்தான் மாமாவே படுப்பார்.

கிறிஸ்துமஸ் லீவுக்குப் போனபோது அப்பா சொன்னார்:

"எய்யா, புதுத் தொரை வந்திருக்காரு. வடக்கத்தி ஆளு. தமிழ் ஒரு சொட்டு தெரியாது. எழுத்தர் அண்ணாச்சியும் மக வீட்டோட போயிட்டாரு. நீதான் வந்து இங்கிலீசுல ஒரு வார்த்தை கேக்கணும்."

"என்னப்பா கேக்கணும்?"

"ஒனக்குப் பரீட்சை முடிஞ்சு ஒரு வழி தெரியுத மட்டும் இங்கன இருந்துட்டுப் போறோம்னு கேளு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அந்த அவ்வளவை ஆங்கிலமாக்கி மலையில் பாதி தூரம் சுமந்து போகக்கூட எனக்குத் தெரியவில்லை.

அம்மா கேட்டது என்ன?

ஆங்கிலத்தில் கேட்பது என்றாலே எனக்கு ஒரு பழைய பயம் உண்டு.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, மாமா கல்யாணத்துக்குப் போக அம்மா லீவு கேட்கப் போனாள். என்னையும் கையில் பிடித்துக்கொண்டாள். அப்போது இருந்தவர் வேறு துரை. அவருக்கும் தமிழுக்கும் தூரம். எழுத்தர்தான் நடுவில் நின்று மாற்றிச் சொல்வார்.

அம்மா நேராக நின்றுகொண்டு, "எந்தம்பிக்குக் கல்யாணம். நான் போயிட்டு வாறேன்" என்றாள்.

எழுத்தர் துரை பக்கம் திரும்பிக் குனிந்தார். "ஷி இஸ் பெக்கிங் ஃபார் லீவ், சார்."

எனக்கு அந்த ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. எங்கள் பாடப்புத்தகத்தில் 'பெக்கர்' என்று போட்டு, திருவோடு ஏந்திய ஒரு தாடிக்காரர் படம் இருக்கும். திரும்பி வரும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அம்மா நடுப்பாதையில் நின்றுவிட்டாள். "நான் எங்கலே பிச்சை கேட்டேன்? எந்தம்பி கல்யாணத்துக்கு நான் போறேன்னுல்லா சொன்னேன்!"

மறுநாள் எழுத்தரை வழிமறித்தாள். "அண்ணாச்சி, எங்கையில சட்டி இருந்துச்சா?"

எழுத்தர் பதறிப்போனார். "அய்யய்யோ, அது அப்படி இல்ல தாயி. அது இங்கிலீசு மரியாதை. கலெக்டரே மேலதிகாரிக்கு எழுதும்போது ஐ பெக் அப்படின்னுதான் எழுதுவாரு."

"அப்ப அவருக்கு யாரு போடுதா?" என்றாள் அம்மா.

எழுத்தர் பொய் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். கல்லூரிக்கு வந்து விண்ணப்பம் எழுதப் பழகியபோதுதான், அவர் சொன்னது நிஜம் என்று தெரிந்தது. 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று பெரிய மனிதர்கள் எழுதத்தான் செய்கிறார்கள். என் குழப்பம் அதற்குப் பிறகு இரண்டு மடங்கானது. ஒரே சொல் திருவோட்டுக்காரருக்கும் கலெக்டருக்கும் எப்படிப் பொருந்தும்? எது சட்டி, எது மரியாதை என்று கேட்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அகராதியில் பொருள் இருக்கிறது. அதை யார், எங்கே நின்று, யாரைப் பார்த்துச் சொல்லலாம் என்பது அதில் இல்லை.

கல்லில் உட்கார்ந்த துரை

பாளையங்கோட்டை விடுதியில் என் அறைத்தோழன் தங்கதுரை. சாத்தான்குளத்துக்காரன். அவன் அப்பா கருப்பட்டி வியாபாரி. என்னைவிட நன்றாகப் படிப்பான், என்னைவிட அதிகமாகப் பேசுவான். ஊரிலிருந்து வரும்போது சில்லுக்கருப்பட்டி கொண்டு வருவான். அதைத் தந்துவிட்டுத்தான் கேலியை ஆரம்பிப்பான்.

லீவு முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தோம். தாமிரபரணியில் தண்ணீர் இடுப்பளவு. நான் சமாசாரத்தைச் சொன்னேன்.

"ஏலே, இதுல என்ன இருக்கு? வி வான்ட் தி ஹவுஸ்ன்னு சொல்லு" என்றான்.

"வான்ட்னா அதட்டுத மாதிரி இல்லையா?"

"அப்ப நீட்."

"நீட்னா இல்லாதவன் கேக்குத மாதிரி இருக்கு."

"டிமாண்ட்?"

"கொடி பிடிக்கச் சொல்லுதியா?"

"அப்ப பெக்குன்னு சொல்லித் தொலை."

"எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

அவன் ஒரு முங்கு போட்டு எழுந்தான். தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, பெரிய கண்டுபிடிப்பைச் சொல்கிறவன் மாதிரி விரலை உயர்த்தினான். "லே, ஒரு சங்கதி சொல்லுதேன் கேளு. இங்கிலீசுல சின்னச் சொல்லு எல்லாம் வீட்டுக்கு. பெரிய சொல்லு எல்லாம் ஆபீசுக்கு. ஆஸ்க்னா வீடு, ரிக்வெஸ்ட்னா ஆபீசு. லீவ்னா வீடு, வேகேட்னா ஆபீசு. நீ தொரைகிட்டப் போற. அதனால சின்னச் சொல்லு ஒண்ணுகூட வாயில வரப்படாது."

"வீட்டுக்கு என்ன போட? ஹவுஸா, ஹோமா?"

அவன் காதில் புகுந்த தண்ணீரைத் தட்டிவிட்டுச் சொன்னான். "ஹோம்னா அவருக்குக் கண்ணு கலங்கும். ஹவுஸ்னா சாவியக் கேப்பாரு. ரெண்டும் வேண்டாம். ரெசிடென்ஸ்."

எங்கள் வீட்டின் முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அதை ரெசிடென்ஸ் என்று சொல்ல எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். தங்கதுரை துவைக்கிற கல்மேல் ஏறி உட்கார்ந்து, ஈரத்துண்டைத் தொப்பி மாதிரிச் சுற்றிக்கொண்டு துரையானான். நான் இடுப்பளவு தண்ணீரில் கைகட்டி நின்று ஒத்திகை பார்த்தேன்.

பக்கத்தில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வே, கோயில் கொடைக்கு நாடகம் போடுதியளா?" என்றார்.

"ஆமா பெரியவரே, இவன்தான் அரிச்சந்திரன்" என்றான் தங்கதுரை.

துரை சரி என்றால் என்ன சொல்வது, முடியாது என்றால் எப்படி வணங்கிவிட்டு வருவது எல்லாம் பார்த்துக்கொண்டோம். நானே ஒன்றை முடியாது என்று சொல்ல வேண்டிவரும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எங்களைப் போன்றவர்களிடம் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

கை கொடுத்தார்

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை பஸ்ஸில் ஏறினேன். வழிநெடுக அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்கார அம்மாள், ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்து எனக்கு இடம்விட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

அப்பா பஸ் நிற்கும் இடத்தில் சவரம் செய்த முகத்தோடு வெள்ளைச் சட்டையில் நின்றார். நேரே ஆபீசுக்கு நடந்து, வழியில் அட்டைப்பூச்சி கடித்த காலை வாசலில் துடைத்துக்கொண்டோம். அப்பா உள்ளே வரவில்லை. "நீ பேசு. நான் இங்கன நிக்கேன்" என்று கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்.

துரை உயரமான மனிதர். முழங்கையில் தோல் வைத்துத் தைத்த கம்பளிச் சட்டை. என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. ஒத்திகை பார்த்தது நின்றுகொண்டுதான்.

எங்கள் ரெசிடென்ஸை வேகேட் செய்யும் காலத்தை நீட்டித்துத் தரும்படி தங்கள் மேலான சமூகத்தை ரிக்வெஸ்ட் செய்கிறேன் என்கிற அர்த்தத்தில், நடுவில் மூச்சு விடாமல், முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன்.

துரை என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். கேலிச்சிரிப்பு இல்லை. தொலைந்த பொருளைக் கண்டெடுத்த மாதிரிச் சிரிப்பு. எங்கே படிக்கிறாய், என்ன படிக்கிறாய், யார் மகன் என்றெல்லாம் விசாரித்தார். அவர் பேசினது எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். தங்கதுரையின் கணக்குப்படி அவை வீட்டுக்குரியவை. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அவர் வீட்டு ஆங்கிலம் பேசினார். நான் ஆற்றில் நின்று பழகிய ஆபீஸ் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் கேட்டார். பழைய எழுத்தர் போய்விட்டார். ஆபீசுக்கு ஒரு பையன் வேண்டும். உன்னை மாதிரிப் பேசத் தெரிந்த பையன். திங்கட்கிழமையே வந்துவிடு. வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே, எழுத்தர் இருந்த வீடு சும்மாதான் கிடக்கிறது, உன் அம்மா அப்பாவோடு அங்கே இரு. என்ன சொல்கிறாய்?

எழுத்தர் வீட்டுக்கு மூன்று அறைகள். ஜன்னலுக்குக் கண்ணாடி உண்டு.

ஆனால் திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால், நான் ஆசைப்பட்ட வாத்தியார் வேலை இல்லை. முகத்தைப் பார்த்து வீடும் வேலையும் தருகிற மனிதரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அப்போதுதான் அந்த நாலும் வந்து நின்றன. பரீட்சைக்காக அவற்றை வேறுபடுத்திக் காட்டப் படித்திருந்தேன். டினை என்றால் குற்றம் சாட்டப்பட்டவன் சொல்வது. நான் ஒன்றும் திருடவில்லை. ரிஜெக்ட் என்றால் சொத்தைக் காயைப் பொறுக்கி எறிவது. எழுத்தர் வீடு சொத்தை இல்லை. ரெஃப்யூஸ் முகத்தில் அடிப்பது. டிக்ளைன் மட்டும்தான் மரியாதை. ஆனால் எங்கள் புத்தகத்தில் அதைச் சொன்னவர் ஒரு பிரபு, விருந்துக்குக் கூப்பிட்டதற்கு வர இயலாமல் சொன்னார். கவாத்துக்காரர் மகன் துரையின் வேலையை டிக்ளைன் செய்யலாமா? செய்தால் என்னவாக இருக்கும்? பணிவா, திமிரா?

நாலையும் விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் ஒரு பெரியவரிடம் இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வோமோ, அதையே ஆங்கிலமாக்கிச் சொன்னேன்.

"லெட் இட் பி, சார். வி வில் சீ."

துரை எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆகட்டும், பாப்போம்

நான் சொன்னது 'ஆகட்டும், பாப்போம்'. திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சம்பவம்.

என் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கக் கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். காப்பி கொடுத்தார்கள், முறுக்கு வைத்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். புறப்படும்போது பெண்ணின் அப்பா கைகூப்பி, "ஆகட்டும், பாப்போம்" என்றார். நாங்களும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். பஸ் ஏறும் முன்பே, அடுத்து எந்த ஊரில் பெண் பார்ப்பது என்று பேச்சு தொடங்கிவிட்டது. யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. அவர் முடியாது என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அந்த ஊர்ப் பாதையிலேயே பிறகு எங்கள் ஆள்கள் நடந்திருக்க மாட்டார்கள்.

மறுப்பவருக்கும் மறுக்கப்பட்டவருக்கும் முகம் கெடாமல் பிரிகிற வழி அது. அந்த வழியில்தான் நான் துரையிடமிருந்து பிரிந்து வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏன் கை கொடுத்தார் என்பதுதான் பிடிபடவில்லை.

வெளியே அப்பா முகமெல்லாம் பல்லாக நின்றார். "ஏலே, கையைக் கொடுத்தாரே! இத்தனை வருசத்துல எந்தத் தொரையும் ஒருத்தனுக்கும் கொடுத்ததில்லையே. என்ன சொன்னாரு?"

சொன்னேன். வேலை, வீடு, திங்கட்கிழமை. அப்பாவின் சிரிப்பு சட்டென்று அடங்கியது.

"நீ என்ன சொன்ன?"

"ஆகட்டும், பாப்போம்னு சொன்னேன்."

"அப்ப மாட்டேன்னுல்லா சொல்லியிருக்க?"

"ஆமாப்பா."

"பொறவு என்னத்துக்குக் கையைக் கொடுத்தாரு?"

தேயிலைக்கு நடுவில் இரண்டு பேரும் நின்றோம். மேகம் கால்வரை வந்துவிட்டது. அப்பா சொன்னார்: "வடக்க ஒருவேளை மாட்டேன்னு சொன்னா கை கொடுப்பாகளோ என்னவோ."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சண்டை இல்லை, பகை இல்லை என்று காட்டக் கை கொடுத்திருக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டோம். அந்தச் சமாதானம் சாயங்காலம்வரை தாங்கியது. சாயங்காலம் ஆபீஸ் காவலாளி வந்து, எழுத்தர் நாற்காலிக்குப் புதுப் பிரம்பு போட்டாயிற்று, திங்கட்கிழமை காலையில் துரை என்னை வரச் சொன்னார் என்றார். லயனில் பாதிப் பேர் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டார்.

எல்லோரும் போனபிறகு அப்பாவிடம் கேட்டேன். "நான் என்னப்பா செய்யணும்?"

"ஒன் இஷ்டம்யா."

"ஒனக்கு என்ன இஷ்டம்?"

அவர் பின்பக்கம் போய், நன்றாக இருந்த பந்தல் கம்பை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

அம்மாதான் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அவரை ஏன்லே போட்டுக் கேக்க? அவருக்கு இந்த மலையை விட்டு எறங்கவும் மனசில்லை, ஒன் படிப்பை விடவும் மனசில்லை. ஒரு வாயில ரெண்டை எப்படிச் சொல்லுவாரு?"

"நீ சொல்லும்மா."

"நான் என்னத்தைச் சொல்ல? ஆனா ஒண்ணு. பரீட்சையை விட்டுட்டு நீ அந்த நாற்காலியில உக்காந்தா, நான் ஒருநாளும் அந்த ஆபீசுப் பக்கம் வரமாட்டேன்."

திங்கட்கிழமை

துரை என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். பிரம்பு மஞ்சளாகப் பளபளத்தது.

பெரிய சொல் ஒன்றும் வரவில்லை. "நோ, சார். ஐ வான்ட் டு ஸ்டடி" என்றேன். சொன்னதும் காது சுட்டது. வான்ட் என்று சொல்லிவிட்டேனே, அதட்டுகிற மாதிரி ஆகிவிட்டதோ என்று அந்த நேரத்திலும் ஒரு பயம்.

துரையின் முகம் மாறியது. அன்றைக்குச் சம்மதித்தாயே என்றார். இல்லை சார், பார்ப்போம் என்றுதான் சொன்னேன் என்றேன். அது சம்மதம் இல்லையா என்றார். இல்லை சார் என்றேன். அப்படியானால் அன்றைக்கே ஏன் முடியாது என்று சொல்லவில்லை என்றார்.

அதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. தமிழிலும் இருந்ததா என்று தெரியவில்லை. பெரியவர்களிடம் அப்படிச் சொல்ல மாட்டோம் சார் என்று எப்படியோ சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டாரா, வருத்தப்பட்டாரா, சிரிப்பை அடக்கினாரா, இன்றைக்கு வரை எனக்குப் பிடிபடவில்லை.

சரி, வீட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். பரீட்சை முடியும்வரை இருக்கவிட வேண்டும் என்று கேட்டேன். ரிக்வெஸ்ட் என்று சொன்னேனா, ப்ளீஸ் என்று சொன்னேனா, ஒருவேளை பெக் என்றே சொல்லித் தொலைத்தேனா? எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஞாபகம் வரவில்லை.

துரை பேனாவை மூடினார். "லெட் மீ சீ" என்றார்.

வெளியே அப்பா கேட்டார். "என்னலே சொன்னாரு?"

"பாக்கேன்னு சொன்னாரு."

அப்பா தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார். "அவுக ஊருப் பாப்போமா, நம்ம ஊருப் பாப்போமா?"

"தெரியலப்பா."

"கேக்க வேண்டியதுதான?"

"எப்படிப்பா கேக்க?"

அதுவும் சரிதான் என்கிற மாதிரி அவர் நடக்க ஆரம்பித்தார்.

கட்டிய மூட்டைகள்

நாங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டாள். "இருக்கச் சொன்னா அவுத்துக்கிடலாம். போகச் சொன்னா தூக்கிக்கிடலாம்" என்றாள். ஒரு சட்டி, ஒரு கரண்டி, மூன்று தட்டு மட்டும் வெளியே இருந்தன.

நான் பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். தங்கதுரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லே, நாலு சொல்லு தெரிஞ்சு வச்சிருந்தும் ஒண்ணையும் போடலயே, பாவி" என்றான். பிறகு, "நானா இருந்தாலும் பாப்போம்னுதான் சொல்லியிருப்பேன்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டான்.

பங்குனியில் அப்பாவின் பேர் போனது. வீட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. இருக்கலாம் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. பரீட்சை எழுதிவிட்டு நான் மேலே போனபோது, மூட்டைகள் சுவரோரம் கட்டியபடியே இருந்தன. அம்மா அவற்றில் ஒன்றின்மேல் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுத்தர் நாற்காலியில் அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்திருந்தான்.

"போதும்யா. யாரும் சொல்லுததுக்கு முந்தி பத்தமடைக்கு எறங்கிருவோம்" என்றார் அப்பா.

புறப்படுகிற அன்றைக்குக் காலையில், துரையிடம் சொல்லிக்கொண்டு வருவதாகச் சட்டையை மாட்டினார். நான் செருப்பைப் போட்டேன்.

"நீ வேண்டாம்" என்றார்.

"அவருக்குத் தமிழ் தெரியாதேப்பா."

"தெரியாட்டா என்ன? நான் போறேன்னு சொல்லுததுக்கு நான்தான போகணும்."

பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் திரும்பி வந்தார். சட்டை முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது.

"என்னப்பா சொன்ன?"

"சொன்னேன்."

"என்னன்னு சொன்ன?"

"இந்த மலையில எத்தனை வருசம் இருந்தேன், எந்தெந்தத் தேயிலைக் காட்டுல கவாத்து வெட்டினேன், எல்லாம் சொன்னேன். எம்மவன் படிச்சிட்டான், நாங்க எறங்குதோம்னு சொன்னேன்."

"அந்தப் புதுப் பையன் இங்கிலீசுல சொன்னானா?"

"அவன் வாயைத் தொறந்தான். தொரை கையைக் காட்டி நிறுத்திட்டாரு."

"அப்ப அவருக்கு ஒண்ணும் வெளங்கியிருக்காதேப்பா. அவரு என்ன சொன்னாரு?"

அப்பா பெரிய மூட்டையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லலை. நான் பேசி முடிக்குத வரைக்கும் எந்திரிச்சு நின்னாரு."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அப்பாவுக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இரண்டு வளைவு தாண்டுகிறவரை யோசித்துவிட்டு, என் பக்கம் திரும்பி மறுபடியும் சொன்னார்:

"எந்திரிச்சு நின்னாருலே."